கைண்ட்லி அக்னாலெட்ஜ்னு மெயில் வந்தா என்ன பதில் போடோணும்?

திருப்பூர்ல எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல வேலை பாக்கறவங்களுக்கு "கைண்ட்லி அக்னாலெட்ஜ்"னு முடியற மெயில் வராம ஒரு நாளும் போகாதுங்க. காலேஜ் முடிச்சுட்டு நேரா மெர்ச்சன்டைசிங்ல, அதாவது ஆர்டர் பாத்துக்கற வேலைல வந்து உக்காந்த பசங்க பிள்ளைங்க இதப் பாத்தா ரெண்டுல ஒண்ணு பண்றாங்க. ஒண்ணு, பதிலே போடறதில்ல, அதுல கேள்வியே இல்லியே, சும்மா தகவலுக்குத்தானே அனுப்பிருக்காங்கன்னு விட்டுடறாங்க. இல்லாட்டி "ஓகே சார், கன்ஃபர்ம்டு"ன்னு டக்குன்னு தட்டி விட்டுட்டு டீ குடிக்கப் போயிடறாங்க. பதில் போடாம இருக்கறது மரியாதைக் குறைவு, ஒரு போன் பண்ணி சரி பண்ணிக்கலாம். ஆனா கன்ஃபர்ம்டுன்னு போட்டது கம்பெனிக்குச் செலவு வெச்சுட்டுத்தான் போகும்.

அக்னாலெட்ஜ்ங்கறதுக்கு அடிப்படை அர்த்தம் "ஆமா, இது எனக்குத் தெரியும், தெரியாதுன்னு பின்னாடி சொல்ல மாட்டேன்"ங்கறதுதான். வந்து சேந்துச்சு, பாத்துட்டேன், அவ்வளவு. அதுல இருக்கறதுக்கெல்லாம் சம்மதம்னு அர்த்தம் கிடையாது. நம்ம கவர்மென்ட் ஆபீஸ் தமிழ்ல இத ஒப்புகைங்கறாங்க, அப்ரூவலுக்கு ஒப்புதல்ங்கறாங்க. காதுல கேக்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கறதால குழப்பமும் அங்கயே ஆரம்பிச்சுடுது. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்தா ஒப்புகைச் சீட்டு தருவாங்க பாருங்க, அத பத்திரமா மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு ஊருக்கு வந்து "மனு ஓகே ஆயிருச்சுங்"னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. மனு கைக்கு வந்துச்சுன்னு மட்டுந்தான் அந்தச் சீட்டு சொல்லுது.

இதுல கத்துக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், மத்ததெல்லாம் அதுல இருந்து தானா வந்துடும். அக்னாலெட்ஜ்ங்கற சொல்லுக்கு தனியா எடையே இல்லீங்க, அதுக்கு அடுத்து என்ன வருதோ அதுதான் எடை. ரிசீப்ட்னு வந்தா ஒண்ணும் ஆகாது, டிலேன்னு வந்தா கொஞ்சம் ஆகும், டெட்னு, அதாவது கடன்னு வந்தா கோர்ட்டு வரைக்கும் போகும். அதனால அந்தச் சொல்ல எழுதறப்போ கை அடுத்த வார்த்தைல நிக்கோணும்.

மொதல்ல சாதாரணமா வர்றது, பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) வந்தப்போ போடற பதில். மே 28ஆம் தேதி ஒரு பையர்கிட்ட இருந்து டி-ஷர்ட்டுக்கு பி.ஓ. வருதுன்னு வெச்சுக்கங்க, கீழ "ப்ளீஸ் அக்னாலெட்ஜ்"னு இருக்கு. நூல் மில்லுக்காரங்க ஒண்ணாந்தேதிதான் ரேட்டு சொல்லுவாங்க, சாயம் போடற டையிங்ல தேதி கேக்கல, காட்டன் ரிப் துணி ஸ்டாக் இருக்கான்னு தெரியல, இந்த நெலமைல நீங்க கன்ஃபர்ம்டுன்னு போட்டீங்கன்னா பழைய ரேட்டுக்கு மாட்டிக்கிட்டீங்க. பதிலே போடாம நாலு நாள் இருந்தா பையர் வேற ஃபேக்டரிய கேக்க ஆரம்பிச்சிருவாங்க. அப்போ எழுத வேண்டியது இப்படி:

"வீ அக்னாலெட்ஜ் ரிசீப்ட் ஆஃப் யுவர் பி.ஓ. டேட்டட் 28 மே. வீ வில் கன்ஃபர்ம் பிரைஸ் அண்ட் டெலிவரி பை 3 ஜூன்."

ரெண்டே வரி. மொத வரில என்ன வந்துச்சு, எந்தத் தேதி போட்டதுங்கறது. ரெண்டாவது வரில இன்னும் எதுக்கு சரின்னு சொல்லல, எப்போ சொல்லுவோம்ங்கறது. அந்த பிரைஸ், டெலிவரிங்கற ரெண்டு வார்த்தையையும் பேரு சொல்லி எழுதறதுதான் முக்கியம், "வில் கன்ஃபர்ம் சூன்"னு மொட்டையா விட்டா எதை கன்ஃபர்ம் பண்றீங்கன்னு அவங்களுக்கும் தெரியாது, கேட்டா நம்மளுக்கும் தெரியாது. சில பேரு இதுல "வித் தேங்க்ஸ்" சேப்பாங்க, சேக்கலாம், தப்பில்ல. "அக்னாலெட்ஜ் தி சேம்"னு எழுதறது நம்ம நாட்டு ஆபீஸ் இங்கிலீஷ், இங்க எல்லாருக்கும் புரியும், ஆனா ஜெர்மனிக்காரனோ ஸ்பெயின்காரனோ படிச்சா அந்த சேம்ங்கறது எதுன்னு தேடுவான், அதுக்குப் பதிலா பொருளோட பேரையே போட்டுடுங்க.

ஒரே ஒரு இடத்துல இந்தக் கணக்கு மாறுதுங்க, கவனமா இருக்கோணும். வியாபாரத்துல ஆர்டர் அக்னாலெட்ஜ்மென்ட்னு ஒரு டாகுமென்ட் இருக்கு, விக்கறவங்க ஆர்டர ஏத்துக்கிட்டோம்னு அனுப்பற பேப்பர். பி.ஓ.வோட கடைசி பக்கத்துலயே அக்னாலெட்ஜ்மென்ட் காப்பின்னு ஒரு பக்கம் வெச்சு, சைன் பண்ணி சீல் போட்டு அனுப்புங்கம்பாங்க. அது ரிசீப்ட் கிடையாது. கையெழுத்துக்கு மேல பொடி எழுத்துல "டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ் ஏத்துக்கிட்டோம்"னு இருக்கும், பெரும்பாலும் இருக்கும். பேரு அக்னாலெட்ஜ்மென்ட்னு இருக்கேன்னு நம்பி ஆபீஸ் பையன்கிட்ட குடுத்து சைன் போட வெச்சிராதீங்க. தலைப்ப பாக்காம, கையெழுத்துக்கு மேல இருக்கற வரிய படிங்க.

அடுத்தது ஸ்டோர்ல நடக்கறது. துணி பின்னற நிட்டிங்ல இருந்து டெம்போ வருது, 42 ரோல்னு டி.சி.ல (டெலிவரி சலான்) இருக்கு, டிரைவருக்கு அடுத்த எடத்துக்குப் போகோணும், அவசரப்படுத்தறான், ஸ்டோர் பையன் ரிசீவ்டுன்னு கிறுக்கி அனுப்பிடறான். ரோல் எண்ணிக்கை சரியாத்தான் இருக்கும். ஆனா ஜி.எஸ்.எம்., அதாவது துணியோட கனம் எவ்வளவு வந்திருக்கு, ஹோல் இருக்கா, ஊசி கோடு இருக்கா, இதெல்லாம் பிரிச்சு மெஷின்ல ஓட விட்டாத்தானே தெரியும். அதனால கையெழுத்துக்கு மேல "ரிசீவ்டு 42 ரோல்ஸ், வெயிட் அண்ட் குவாலிட்டி நாட் செக்டு"ன்னு ஒரு வரி எழுதறதுக்கு பழக்கி வெச்சிருங்க, பேனாவுல எழுத அரை நிமிஷம் கூட ஆகாது. எழுதிட்டா போதும்னும் இல்ல. சரக்கு குடுத்தவரு பதிவு பண்ணின சின்ன யூனிட்டா இருந்தா 2006ல குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்காக வந்த எம்.எஸ்.எம்.இ. சட்டம் உள்ள வந்துடும். சரக்கு கைக்கு வந்து 15 நாளைக்குள்ள எழுத்துல குறை சொல்லலைன்னா சரக்கு வந்த நாள்லயே ஏத்துக்கிட்டதா அந்தச் சட்டம் எடுத்துக்கும், பணம் குடுக்க வேண்டிய நாள் கணக்கும் அங்கிருந்துதான் ஓடும், எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்க முடியாது. ஆக பழுதுன்னா பதினஞ்சு நாளைக்குள்ள மெயில் போகோணும். "அன்னிக்கே போன்ல சொன்னனே"ங்கறது நிக்காது. இதே சட்டம் ஜாப் வொர்க் பண்றவங்களுக்கு சாதகமா இருக்குங்கறதயும் சொல்லிடறேன், பிரின்டிங்கோ எம்பிராய்டரியோ வெச்சு நடத்தறவங்க டி.சி.ல தேதியோட கையெழுத்து வாங்காம சரக்க எறக்கவே கூடாதுங்க.

இப்போ கொஞ்சம் சிக்கலானது. ஷிப்மென்ட் லேட்டு. பையர் கடுப்புல ஒரு மெயில் போடறாங்க, நீங்க பதில் எழுதோணும். "வீ அக்னாலெட்ஜ் தி டிலே"ன்னு எழுதினா லேட்டாச்சுங்கறத மறைக்கலன்னு அர்த்தம், யாரால லேட்டுன்னு அதுல வரல. "வீ அட்மிட் தி டிலே"ன்னா அதுல குத்தம் செஞ்சவன் வாயத் தொறக்கற தொனி வந்துடும், அட்மிட்ங்கறது யாரோ நம்ம மேல பழி சொல்லி நாம வேற வழியில்லாம ஒத்துக்கறப்போ வர்ற சொல்லு. "வீ ரிக்ரெட்"னா வருத்தம், "வீ அப்பாலஜைஸ்"னா மன்னிப்பு. நாலும் வேற வேற. நம்ம ஆளுங்க பயத்துல நாலையும் ஒரே மெயில்ல போட்டுடறாங்க, படிக்கறவனுக்கு எல்லாத் தப்பும் ஃபேக்டரியோடதுன்னு தோணாம என்ன தோணும். லேட்டு நெஜமாவே நம்மளாலன்னா தெளிவா அப்பாலஜைஸ் பண்ணிட்டு புது தேதி குடுங்க, வளவளன்னு வேண்டாம். லேப் டிப் (சாயம் போட்ட கலர் மாதிரி) அப்ரூவல் அவங்க பக்கமே பத்து நாள் தூங்குச்சுன்னா டிலேவ அக்னாலெட்ஜ் பண்ணிட்டு, அடுத்த வரில அப்ரூவல் கேட்ட தேதியும் வந்த தேதியும் போட்டா போதும், எகத்தாளமா ஒரு வார்த்தையும் தேவையில்ல, தேதியே பேசிக்கும்.

சில பையிங் ஆபீஸ்காரங்க இங்க ஒரு கொக்கி போடுவாங்க. "ப்ளீஸ் அக்னாலெட்ஜ் தட் தி டிலே இஸ் டியூ டு யுவர் ஃபேக்டரி"ன்னு, அதாவது லேட்டு உங்க ஃபேக்டரியாலதான்னு ஒத்துக்கச் சொல்லிக் கேப்பாங்க. இந்த தட்ங்கற சின்ன வார்த்தைக்கு அப்புறம் வர்றது பூராவும், நீங்க அக்னாலெட்ஜ்டுன்னு ஒத்த வார்த்தை போட்டீங்கன்னா, உங்க வாய்ல இருந்து வந்ததா ஆயிடும். நாளைக்கு சரக்க பிளேன்ல அனுப்பச் சொல்லி அந்தச் செலவ உங்க தலைல கட்டறதுக்கும், பணத்துல கழிச்சுக்கறோம்னு டெபிட் நோட் போடறதுக்கும் அந்த ஒரு மெயில் போதும். அப்போ எழுத வேண்டியது "வீ அக்னாலெட்ஜ் ரிசீப்ட் ஆஃப் யுவர் மெயில் ரிகார்டிங் தி டிலே". மெயில் வந்துச்சுன்னு மட்டும் சொல்றீங்க, மெயிலுக்குள்ள இருக்கறதப் பத்தி ஒண்ணும் சொல்லல, அதுக்கு தனியா பதில் வரும்னு இன்னொரு வரி. மழுப்பறதுன்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அப்படித் தோணல, யாரு பக்கம் தப்புன்னு பாக்கறதுக்கு ஒரு நாள் டைம் கேக்கறது நியாயந்தான்.

கடன் விஷயத்துக்கு வருவோம், ஈரோடு கரூர் பக்கம் நூல், துணி யாவாரத்துல இருக்கறவங்க இத நல்லா படிங்க. மார்ச் 31 முடிஞ்சதும் ஆடிட்டர் சொன்னாருன்னு ஒரு பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் லெட்டர் வரும், "உங்க கணக்குல எங்களுக்கு வர வேண்டிய பாக்கி இவ்வளவு, சைன் பண்ணி அனுப்புங்க"ன்னு. ஆடிட் வேலைதானேன்னு சைன் போட்டுக் குடுப்போம். 1963ஆம் வருஷத்து லிமிட்டேஷன் சட்டத்துல 18ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்குங்க. சாதாரணமா வாங்குன கடனுக்கோ சரக்கு பாக்கிக்கோ கேஸ் போட மூணு வருஷம்தான் கெடு. அந்தக் கெடு முடியறதுக்கு முன்னாடி பணம் தர வேண்டியவரு பாக்கி இருக்குன்னு எழுத்துல அக்னாலெட்ஜ் பண்ணி கையெழுத்துப் போட்டுட்டா, போட்ட நாள்ல இருந்து மறுபடி மொதல்ல இருந்து கெடு ஓடும். தொகை எவ்வளவுன்னு சரியா எழுதோணும்னு கூட இல்ல, "பாக்கி இருக்கு, ஆனா இப்போ தர மாட்டேன்"னு எழுதி கையெழுத்து போட்டாலும் அதுவும் அக்னாலெட்ஜ்மென்ட்தான். நம்ம சார்பா கையெழுத்துப் போட அதிகாரம் குடுத்த ஆள் போட்டாலும் செல்லும். வாயில "தரேனுங், தரேனுங்"னு நூறு தடவ சொன்னாலும் இந்தப் பிரிவுக்கு உதவாது, எழுத்தும் கையெழுத்தும் வேணும்.

இதுல பணம் வர வேண்டிய பக்கம் இருக்கறவங்க என்ன செய்யோணும்னா, வருஷா வருஷம் மார்ச் முடிஞ்சதும் அந்த லெட்டர விடாம வாங்கி ஃபைல்ல போட்டு வைக்கோணும், ஒறவுக்காரங்க, கேட்டா என்ன நெனப்பாங்களோன்னு வெசனப்பட்டு விட்டவங்கதான் கடைசில கெடு போச்சுன்னு வக்கீல் வீட்டு வாசல்ல உக்காந்திருக்காங்க. மூணு வருஷம் தாண்டின பின்னாடி வாங்கற அக்னாலெட்ஜ்மென்ட் 18ஆவது பிரிவுல பிரயோஜனப்படாது. அப்போ வெறும் பாக்கி இருக்குன்னா பத்தாது, "தந்துடறேன்"னு எழுத்துல வாக்கே வாங்கோணும், அது 1872ஆம் வருஷத்து கான்ட்ராக்ட் சட்டத்துல 25ஆவது பிரிவுல வர்ற வேற வழி. குடுக்க வேண்டிய பக்கம் இருக்கறவங்க, கணக்குல தகராறு இருந்தா லெட்டர்ல சைன் போடறதுக்கு முன்னாடி எந்த பில்லு தகராறுன்னு அதுலயே எழுதிட்டு அப்புறமேலு போடுங்க. பெரிய தொகைன்னா வக்கீல ஒரு வார்த்தை கேட்டுக்கங்க, இத படிச்சுட்டு நீங்களே முடிவு பண்ண வேண்டாம்.

கவர்மென்ட் பக்கம் ரெண்டு சீட்ட மட்டும் சொல்லிட்டு போறேன். இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன் போட்டதும் 15 இலக்க நம்பரோட ஐ.டி.ஆர்.-வி ஒண்ணு வருது, அதுல அக்னாலெட்ஜ்மென்ட் நம்பர்னு இருக்கும். அது ரிட்டர்ன் அப்லோடு ஆச்சுங்கறதுக்குத்தான், 30 நாளைக்குள்ள வெரிஃபை பண்ணலைன்னா போட்ட கணக்குலயே நிக்காது, பண்ணினாலும் டிபார்ட்மென்ட் பிராசஸ் பண்ணி இன்டிமேஷன் அனுப்பறது தனி. போலீஸ் ஸ்டேஷன்ல புகார் குடுத்ததும் தர்ற சி.எஸ்.ஆர். ரசீதும் இதே மாதிரிதான், புகார் வாங்கிக்கிட்டோம்ங்கறதோட சரி, கேஸ் பதிவாச்சுன்னா அது எஃப்.ஐ.ஆர்., வேற பேப்பர். பைக் காணாமப் போனா இன்சூரன்ஸ்காரங்க எஃப்.ஐ.ஆர். கேக்கறப்போ சி.எஸ்.ஆர். ரசீத நீட்டிட்டு நிக்கறவங்கள பாத்திருக்கேன், பாவமா இருக்கும்.

வாட்ஸ்அப்ல வர்ற கட்டைவிரல் எமோஜி இருக்குதே, அது அக்னாலெட்ஜா அக்செப்டா? இந்தக் கேள்வி நெஜமாவே ஒரு கோர்ட்டுக்குப் போயிருக்குங்க. கனடாவுல சஸ்காச்சுவான் மாகாணம், 2021 மார்ச்சுல தானியம் வாங்கற கம்பெனிக்காரரு ஒரு விவசாயிக்கு 86 டன் ஆளி விதைக்கு கான்ட்ராக்ட் போட்டோ எடுத்து மெசேஜ்ல அனுப்பி, கன்ஃபர்ம் பண்ணுங்கன்னு கேட்டிருக்காரு. விவசாயி ஒரு கட்டைவிரல் போட்டாரு. நவம்பர்ல சரக்கு வரல, அதுக்குள்ள வெலை ஏறிப் போச்சு. விவசாயி சொன்னது, "கான்ட்ராக்ட் வந்துச்சுன்னு அக்னாலெட்ஜ் பண்ணத்தான் அத போட்டேன், ஒத்துக்கல"ன்னு. அப்படியே நம்ம விஷயம்தான். கோர்ட்டு 2023ல என்ன சொல்லுச்சுன்னா, இதுக்கு முன்னாடி இதே ஆளுங்களுக்குள்ள ஓகே, யப்னு ஒத்த வார்த்தை பதில்லயே கான்ட்ராக்ட் நடந்து சரக்கும் போயிருக்கு, அதனால இதுவும் ஒத்துக்கிட்டதுதான்னு சொல்லி 82,000 கனடா டாலருக்கு மேல கட்டச் சொல்லிருச்சு. 2024 டிசம்பர்ல அப்பீல்லயும் அதேதான் நின்னுச்சு. கனடா தீர்ப்பு இங்க கட்டுப்படுத்தாதுதான். ஆனா திருப்பூர்ல ரேட்டு, குவான்டிட்டி, தேதி எல்லாமே வாட்ஸ்அப்லதான ஓடுது, அங்க கட்டைவிரல விட்டுட்டு "ரிசீவ்டு, வில் செக் அண்ட் கன்ஃபர்ம்"னு அஞ்சு வார்த்தை தட்டறதுக்கு சோம்பேறித்தனம் படாதீங்க.

மனுசங்கள அக்னாலெட்ஜ் பண்றதும் உண்டு. கல்யாண மண்டபத்து வாசல்ல ஒறம்பரை வர்றப்போ "வாங்"னு ஒரு சொல் சொல்லலைன்னா வருஷக்கணக்கா பேசிக் காட்டுவாங்களே, "போனோம், ஒரு வாங்கன்னு கூட கூப்பிடல"ன்னு, அந்த "வாங்"ங்கறதுதான் இந்தச் சொல்லோட இன்னொரு அர்த்தம். மீட்டிங்ல "ஹி டிட் நாட் ஈவன் அக்னாலெட்ஜ் மீ"ன்னு யாராவது சொன்னா என்னைய கண்டுக்கவே இல்லைங்கறாங்க. தீசிஸ்ல மொத பக்கத்துல கைடுக்கும் அப்பா அம்மாவுக்கும் நன்றி சொல்ற அக்னாலெட்ஜ்மென்ட்ஸும் இதே வழில வந்ததுதான்.

எழுதறப்போ இலக்கணத்துல அடிக்கடி தப்பு வர்றது ரெண்டு மூணு இடம். இந்தச் சொல்லுக்கு அப்புறம் அபவுட் வராது, "அக்னாலெட்ஜ் அபவுட் யுவர் மெயில்"ங்கறது தப்பு. டூ போட்டு வேற வினைச்சொல்லும் வராது, "அக்னாலெட்ஜ் டு ரிசீவ்" கிடையாது, "அக்னாலெட்ஜ் ரிசீவிங்"னு வரோணும். ரிசீப்ட்ங்கற வார்த்தைல பி-ங்கற எழுத்து இருக்கும், சத்தம் இருக்காது, எழுதறப்போ விட்டுடறாங்க. ஸ்பெல்லிங்ல ஏ-க்கு அப்புறம் சி, கே, என்னு மூணும் வரிசையா வரும். கடைசில மென்ட் சேக்கறப்போ நடுவுல இ வைக்கறது பிரிட்டிஷ் வழக்கம், விடறது அமெரிக்க வழக்கம், எது வேணாலும் போடுங்க, ஒரே லெட்டர்ல ரெண்டையும் கலக்காதீங்க. சொல்றப்போ அழுத்தம் நடுவுல இருக்கற நா-வுல விழோணும், உள்ள இருக்கறது நாலெட்ஜ்ங்கற அதே சத்தம்தான்.

இதே கணக்க எதிர்ப்பக்கம் திருப்பியும் பாத்துக்கோணும், இதைத்தான் நெறைய பேரு விட்டுடறாங்க. ஷிப்மென்ட் பத்து நாள் தள்ளிப் போகுதுன்னு நீங்க பையருக்கு மெயில் போடறீங்க, அவங்க "நோட்டட்"னோ "அக்னாலெட்ஜ்டு"ன்னோ பதில் போடறாங்க, நம்ம ஆளு அப்பாடான்னு புது தேதிக்கு தையல் லைன் பிளான் போட்டுடறான். அவங்க புது தேதிய ஒத்துக்கவே இல்லீங்க, நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுன்னு மட்டுந்தான் சொல்லிருக்காங்க, டிஸ்கவுன்ட் கேக்கற உரிமைய அப்படியே கைல வெச்சிருக்காங்க. அன்னிக்கே பொழுதோட இன்னொரு மெயில் போடுங்க, "ப்ளீஸ் கன்ஃபர்ம் யுவர் அக்செப்டன்ஸ் ஆஃப் தி ரிவைஸ்டு டேட் அண்ட் சென்ட் தி அமென்டட் பி.ஓ."ன்னு. திருத்தின பி.ஓ. கைக்கு வர்ற வரைக்கும் பழைய தேதிதான் தேதின்னு வெச்சுத்தான் கட்டிங் போடோணும்.